நாவலில் நிற்கும் பாலம், படத்தில் விழும் பாலம்

ஹட்டனிலிருந்து அவிசாவளை வழியாகக் கொழும்புக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் கித்துல்கலையைத் தாண்டித்தான் போகவேண்டும். அங்கே களனி ஆற்றின் மேல் மரப்பாலம் ஒன்றைக் கட்டி, அதை நிஜமாகவே வெடிவைத்துத் தகர்த்துத்தான் ‘த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ படத்தை எடுத்தார்கள். டேவிட் லீன் இயக்கிய அந்தப் படம் 1957இல் வந்தது. அதன் மூலம் பியர் பூல் என்கிற பிரெஞ்சு எழுத்தாளர் 1952இல் வெளியிட்ட நாவல். படத்தில் பாலம் ரயிலோடு சேர்ந்து ஆற்றில் விழுகிறது. நாவலில் பாலம் தகர்வதில்லை.

இது எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் வழக்கமாக எடுக்கிற ஃபேன்டசி, அதாவது மாய உலகக் கதை, இல்லை; போர்க் கதை. இருந்தாலும் கூட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் இதைத்தான் சொல்வேன். நாவலையும் படத்தையும் ஒப்பிடத் தொடங்குகிற எல்லாரும் ‘எது சரி?’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பாலம் நின்றது சரியா, விழுந்தது சரியா? இதை வைத்து ஒரு பின்னேரம் முழுக்கச் சண்டை பிடிக்கலாம், கையில் ஒன்றும் மிஞ்சாது. ‘படத்தில் ஏன் விழவேண்டி வந்தது?’ என்று கேட்டுப் பாருங்கள். இரண்டரை மணி நேரமாக ஒரு பாலம் ஆற்றின் மேல் எழும்புவதைக் கண்ணால் பார்த்த ஆளிடம், அதை அப்படியே நிற்கவைத்துவிட்டு “படம் முடிந்தது, எழும்பிப் போங்கள்” என்று சொல்ல முடியாது. வாசகனுக்கு அந்தப் பாலம் மனதுக்குள் மட்டும்தான் இருந்தது. அது நிற்பதிலேயே அவனுக்குக் கசப்பு கிடைத்துவிடும்.

எங்கள் பக்கத்தில் ஆறேழு பேர் மாதம் ஒரு ஞாயிறு கூடி, ஒரு நாவலையும் அதன் படத்தையும் எடுத்துப் பேசுவோம். ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், ஒரு தோட்டத்துக் கிளாக்கர், நான். பெரும்பாலும் பெரிய ஃபேன்டசி நாவல்கள்தான் எடுப்போம். அந்த வகை நாவல் தனக்கென்று ஒரு உலகத்தை, அதன் வரைபடம், பழைய சண்டைகள், மொழி உட்பட, கல் கல்லாக அடுக்கி வைத்திருக்கும். படம் எடுக்கிறவர் ஒரு கல்லை உருவினால் எங்கோ தூரத்தில் ஒரு சுவர் சரியும். ஒப்பிடப் பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் இதையெல்லாம் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

முதல் படி: சோடியைத் தெரிவு செய்வது

எல்லாரும் நேரே டோல்கினில் கைவைப்பார்கள். அவருடைய ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவல் ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். நூறாவது பக்கம் வருவதற்குள் பாதிப் பேர் புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். மலையேறப் பழகுகிறவன் முதல் நாளே சிவனொளிபாதத்துக்குப் போகவேண்டியதில்லை.

நான் சொல்வது நார்னியா. சி. எஸ். லூயிஸ் எழுதிய அந்த வரிசையில் முதலில் வெளிவந்த நூல் ‘த லயன், த விட்ச் அண்ட் த வார்ட்ரோப்’ 1950இல் வந்தது. அலமாரிக்குள் நுழைந்து பனி உலகத்துக்குப் போகும் நான்கு பிள்ளைகளின் கதை. மெல்லிய புத்தகம், எளிய ஆங்கிலம். படம் 2005இல் வந்தது. இந்தச் சோடியில் பார்ப்பதற்கு இரண்டே இடங்களைச் சொல்கிறேன், மற்றவை நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

ஒன்று தொடக்கம். லண்டனில் குண்டு விழுந்த காலத்தில் பிள்ளைகளைக் கிராமத்துக்கு அனுப்பினார்கள் என்பதை நாவல் ஒரே வசனத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். படமோ குண்டுவீச்சிலேயே தொடங்குகிறது: விமானம், பதுங்கு குழி, ரயில் நிலையத்தில் பிள்ளைகளைப் பிரியும் தாய். 1950இல் அதை வாசித்த ஆங்கிலேயப் பிள்ளைக்கு அந்த ஒரு வசனமே போதுமாக இருந்திருக்கும், அது அவன் வீட்டுக் கதை. 2005இல் பார்க்கிற பிள்ளைக்கு அப்படி இல்லை. இந்த நாட்டில் யுத்த காலத்தைப் பார்த்தவர்களுக்கும் ஒரு வசனம் போதும் என்று எங்களில் ஒருவர் சொன்னார். அதற்கு மேல் அன்றைக்கு யாரும் எதுவும் பேசவில்லை.

மற்றது கடைசிச் சண்டை. நாவலில் சண்டையின் பெரும்பகுதி நம் கண்ணுக்கு வெளியே நடக்கிறது. நாம் சிங்கத்தோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் பிந்தித்தான் போய்ச் சேருகிறோம். படத்தில் அது பெரிய போர். ஏன் என்பதை நீங்களே எழுதிப் பாருங்கள், அதுதான் உங்கள் முதல் பயிற்சி.

ஆங்கிலம் வேண்டாம், தமிழிலேயே தொடங்கவேண்டும் என்றால் ‘பொன்னியின் செல்வன்’ இருக்கிறது. அது ஃபேன்டசி அல்ல, சரித்திர நாவல். ஆனால் பெரிய உலகத்தைச் சிறிய நேரத்துக்குள் மடிப்பது என்கிற சிக்கல் இரண்டுக்கும் ஒன்றுதான். நாவல் முழுவதும் மதுரைத் திட்டத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, போனிலேயே வாசிக்கலாம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் படி: எது முதலில்?

புத்தகம் முதலில் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நான் அவ்வளவு கறாராகச் சொல்லமாட்டேன். தமிழில் வாசிக்கிறவர் நாவலை முதலில் எடுக்கட்டும். ஆங்கிலத்தில் முதல் தடவையாகப் பெரிய நாவல் வாசிக்கிறவர் படத்தை முதலில் பார்த்தால் தப்பில்லை. யார் யார், எந்த மலை எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகு வாசிப்பது அகராதி பக்கத்தில் வைத்துக்கொண்டதுபோல். நட்டமும் உண்டு. அதற்குப் பிறகு டோல்கினின் வீரன் அராகோர்ன் என்றால் அந்த நடிகரின் முகம்தான் வரும், உங்கள் மனம் வரையவேண்டிய முகம் வராது.

நாவலை முதலில் வாசிக்கிறவர்களுக்கு ஒரு சின்ன வேலை. படம் பார்க்க முன்னால் மூன்று பாத்திரங்களின் முகத்தையும் ஒரு இடத்தையும் நாலு வரியில் எழுதி வையுங்கள். படம் பார்த்த பிறகு எழுதினால் பொய்தான் வரும். நானே அகப்பட்டிருக்கிறேன்.

மூன்றாம் படி: கொப்பி

இங்கேதான் கொஞ்சம் நேரம் எடுக்கப்போகிறேன். மற்றதெல்லாம் இதற்காகத்தான்.

முதல் தடவை நான் ஒப்பிட்டபோது செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். டோல்கினின் நாவலையும் பீட்டர் ஜாக்சன் 2001, 2002, 2003இல் வெளியிட்ட மூன்று படங்களையும் எடுத்து, படத்தில் இல்லாதவை என்று ஒரு பட்டியல் போட்டேன். ஒரு சி.ஆர். கொப்பியில் நாலு பக்கம் வந்தது. பெருமையாகக் கூட்டத்தில் வாசித்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பிளேன்டியைக் குடித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “சரி தம்பி, இதில் எது இல்லாததால் கதைக்கு நோகுது?” என்றார். நாலு பக்கத்தில் ஒன்றைக்கூட என்னால் காட்ட முடியவில்லை. எது எது இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவை ஒவ்வொன்றும் நாவலில் என்ன செய்துகொண்டிருந்தன என்று நான் யோசித்தே இருக்கவில்லை.

அதன் பிறகு கொப்பியில் மூன்று கோடு போட்டேன். முதல் நிரலில் காட்சி அல்லது பாத்திரம். இரண்டாவதில் நாவலில் அது பார்த்த வேலை. மூன்றாவதில் படத்தில் அந்த வேலையைப் பார்ப்பது யார். தேயிலைக் கொழுந்தெடுக்கிற இடத்தில் இதை விளக்கவே தேவையில்லை. ஒரு ஆள் வேலைக்கு வராத நாளில் அவருடைய நிரையை இன்னொருவர் சேர்த்து எடுக்கவேண்டும், இல்லையென்றால் கொழுந்து முற்றிப்போகும். நாவலிலிருந்து ஒரு பாத்திரத்தை நிறுத்தினால் அவருடைய நிரை காலியாகக் கிடக்கும். அதை யார் எடுத்தார்கள் என்று பாருங்கள். யாரும் எடுக்கவில்லையா, அதை எழுதுங்கள்.

மூன்று உதாரணங்களை விரிவாகப் பார்ப்போம். மூன்றும் ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையிலிருந்து: தீய மோதிரம் ஒன்றை அழிக்க ஃப்ரோடோ, சாம், மெர்ரி, பிப்பின் என்கிற நான்கு ஹாபிட்டுகள், அதாவது குள்ள மனிதர்கள், ஊரைவிட்டுப் புறப்படுகிறார்கள்.

மெர்ரியின் கத்தி. நாவலின் தொடக்கப் பகுதியில் டாம் பாம்படில் என்று ஒரு விசித்திரமான ஆள் வருகிறார். பாட்டும் கூத்துமாகக் காட்டில் வாழ்கிறவர், மோதிரம் அவரை ஒன்றும் செய்வதில்லை. பழைய சமாதிக் குன்றில் அகப்பட்ட நான்கு ஹாபிட்டுகளை அவர் மீட்கிறார். அந்தக் குன்றிலிருந்து நாலு பேருக்கும் ஆளுக்கொரு கத்தி எடுத்துக் கொடுக்கிறார். படத்தில் அவர் இல்லை. அவர் இல்லாதது வாசகர்களின் பழைய முறைப்பாடு. என் நாலு பக்கப் பட்டியலிலும் முதல் பெயர் அவருடையதுதான். ஆனால் அவருடைய பாட்டு இல்லாததால் படம் நோகவில்லை. நோகிற இடம் மிகப் பின்னால், மூன்றாவது பாகத்தின் போர்க்களத்தில் இருக்கிறது. எதிரிப் படையை நடத்திவரும் சூனிய அரசனை மெர்ரி பின்னாலிருந்து குத்துகிறான், எயோவின் என்கிற பெண் அவனைக் கொல்கிறாள். மெர்ரியின் கத்தி ஏன் வேலை செய்தது என்று நாவல் சொல்கிறது: பல நூற்றாண்டுக்கு முன்னால் அதே சூனிய அரசனோடு போராடிய ஜனங்கள் அவனுக்கு எதிராகவே அடித்த கத்தி அது. வேறு எந்தக் கத்தியாலும் அந்தக் காயத்தைப் போட்டிருக்க முடியாது. எப்போதோ தோற்றுப்போன ஒரு சிற்றரசின் கொல்லனுக்குக் கடைசியில் நியாயம் கிடைக்கிறது. படத்தில் அராகோர்ன் ஒரு குன்றில் வைத்து ஹாபிட்டுகளுக்குச் சும்மா கத்திகளைக் கொடுத்துவிடுகிறார். பின்னால் குத்து நடக்கிறது, எதிரி விழுகிறான், எல்லாம் சரி. ஆனால் அந்தக் கத்திக்கு வரலாறு இல்லை. அந்த நிரையை யாரும் எடுக்கவில்லை.

ஆற்றுத் துறை. காயப்பட்ட ஃப்ரோடோவை ஒன்பது கறுப்புக் குதிரைக்காரர்கள் துரத்துகிறார்கள். நாவலில் அவனைக் காப்பாற்ற வருகிறவர் கிளோர்ஃபிண்டெல் என்கிற எல்ஃப் வீரர். படத்தில் அவருக்குப் பதில் ஆர்வென் என்கிற எல்ஃப் பெண். இதைக் கேட்டதும் பலருக்குக் கோபம் வரும். கொப்பியில் போட்டுப் பாருங்கள். ஆர்வெனுக்கும் அராகோர்னுக்கும் இடையிலான காதல் கதையை டோல்கின் நாவலுக்குள் விரிக்கவில்லை, பின்னிணைப்பில்தான் வைத்தார். படத்தில் பின்னிணைப்பு கிடையாது. அவளை ஆரம்பத்திலேயே ஒரு காரியம் செய்கிறவளாகக் காட்டாவிட்டால், முடிவில் அவள் அரசியாக வந்து நிற்கும்போது ‘இது யார்?’ என்று பார்க்கிறவன் கேட்பான். ஆகவே ஒரே காட்சியில் இரண்டு வேலை முடிகிறது, கெட்டித்தனம்தான். ஆனால் நாவலில் ஆற்றைக் கடந்தபின் தனியே குதிரையில் திரும்பி நின்று, வாளை உயர்த்தி, ஒன்பது பேரையும் எதிர்த்துப் பேசுகிறவன் ஃப்ரோடோ. படத்தில் அவன் மயங்கிக் கிடக்கிறான், எதிர்த்துப் பேசுகிறவள் ஆர்வென். அவளுக்குக் கிடைத்த துணிச்சல் அவனிடமிருந்து எடுக்கப்பட்டது. அதற்கு முந்திய குன்றுச் சண்டையிலும் இப்படித்தான். நாவலில் அவன் எதிரியின் காலை நோக்கி வாளை வீசுகிறான், படத்தில் வாள் கையிலிருந்து விழுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் படத்தின் ஃப்ரோடோ ஏன் கொஞ்சம் இளைத்தவனாகத் தெரிகிறான் என்று பிடிபடும். ஒரு மாற்றத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், ஒரே திசையில் போகிற இரண்டு மூன்று மாற்றங்களைத் தேடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

வீடு திரும்புதல். எனக்கு மிகவும் நோகிற இடம் இது. நாவலில் போர் முடிந்து நான்கு பேரும் தங்கள் ஊரான ஷயருக்குத் திரும்பும்போது அது அவர்கள் விட்டுப்போன ஊராக இல்லை. மரங்களை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள், அழகான பழைய வீடுகளை இடித்துவிட்டு அவலட்சணமான புதியவற்றைக் கட்டியிருக்கிறார்கள், சாருமன் என்கிற கெட்ட மந்திரவாதியின் அடியாட்கள் சட்டம் போடுகிறார்கள். ஹாபிட்டுகள் தாங்களே சண்டை போட்டு ஊரை மீட்கிறார்கள். தன் பிள்ளைப் பருவத்து ஊர் பத்து வயதுக்கு முன்பே கண்ணெதிரே அலங்கோலமாக அழிந்துகொண்டிருந்ததைப் பார்த்த அனுபவம் அந்த அத்தியாயத்துக்குள் இருப்பதாக டோல்கின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். படத்தில் ஷயர் பச்சைப் பசேலென்று அப்படியே இருக்கிறது. முதல் படத்தில் மாயத் தண்ணீரில் ஒரு கணம் ஷயர் எரிவதாகத் தெரியும், அவ்வளவுதான். திரும்பிவந்த நாலு பேரும் தவறணையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். சுற்றிலும் இருக்கிற ஒருவருக்கும் எதுவும் தெரியாது.

எங்கள் கூட்டத்தில் கொழும்பில் கடையில் வேலை செய்கிற பையன் ஒருவன் இருக்கிறான். தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது, சின்ன வயதில் ஏறி விளையாடிய மரம் வெட்டுப்பட்டு அடிக்கட்டை மட்டும் நின்றதாம். அவன் நாவலின் பக்கம்தான் நிற்பான் என்று நினைத்தேன். இல்லை. “ஊர் மாறினது பரவாயில்லை அண்ணே. நான் பட்டது ஒன்றுமே ஒருத்தருக்கும் தெரியாமல் எல்லாரும் அதே மாதிரி இருந்ததுதான் கஷ்டமாக இருந்தது” என்றான். படத்தின் தவறணைக் காட்சி பார்க்கிற வேலை அதுதான். நான் அதுவரை அந்தக் காட்சியை வெறும் சுருக்கம் என்றே நினைத்திருந்தேன். நாவலின் முடிவுதான் பெரியது என்று இப்போதும் சொல்வேன், ஆனால் மூன்றாவது நிரலில் ‘யாரும் இல்லை’ என்று எழுதியிருந்ததை அன்றைக்கு அடித்துவிட்டேன்.

நான்காம் படி: மணிக்கூட்டைப் பார்ப்பது

கணக்கு எளிது. ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலில் 62 அத்தியாயங்கள். தியேட்டரில் வெளியான மூன்று படங்களும் சேர்ந்து ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல். அதே ஆசிரியர் 1937இல் பிள்ளைகளுக்கு எழுதிய ‘த ஹாபிட்’ நாவலில் 19 அத்தியாயங்கள். 2012 முதல் 2014 வரை வந்த அதன் மூன்று படங்களும் சேர்ந்து ஏறத்தாழ எட்டு மணி நேரம். ஒன்றில் நறுக்கவேண்டி வந்தது, மற்றதில் நீட்டவேண்டி வந்தது. நீட்டும்போது என்ன நடக்கும்? நாவலில் இல்லாத டாரியல் என்கிற பாத்திரம் புதிதாகப் பிறக்கும், ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’இல் வருகிற, ஆனால் அந்த நாவலுக்குள் வராத லெகோலாஸ் வந்து நிற்பார். வெட்டினது மட்டுமல்ல, ஒட்டினதும் உங்கள் கொப்பிக்குள் வரவேண்டும். இந்தச் சோடியில் என் தீர்ப்பு வெளிப்படையானது: ஒரு படமாக எடுத்திருக்கவேண்டும்.

ஹாரி பாட்டர் வரிசையிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஏழு நாவல்களில் மிகத் தடித்தது ஐந்தாவது. 2007இல் வந்த அதன் படம் 138 நிமிடம், அந்த வரிசையின் குறுகிய படங்களில் ஒன்று. ஏழாவது நாவலையோ இரண்டு படமாகப் பிரித்தார்கள். எது தடித்த புத்தகம் என்று பார்த்து நேரம் ஒதுக்குவதில்லை என்பதற்கு இதுவே போதும்.

ஐந்தாம் படி: படம் மட்டும் செய்யக்கூடியது

இதை மறந்தால் உங்கள் கட்டுரை புத்தகத்துக்கு வக்காலத்து வாங்கும் ஒன்றாகிவிடும்.

‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ மூன்றாவது படத்தில் மலைக்கு மலை தீ மூட்டி உதவி கேட்கும் காட்சியைப் பார்த்த யாரும் மறக்கமாட்டார்கள். நாவலில் அது மிகச் சின்னது. மந்திரவாதி கேண்டால்ஃபும் பிப்பினும் குதிரையில் போகும்போது தூரத்து மலைகளில் தீ ஏற்கெனவே எரிந்துகொண்டிருப்பதைப் பார்க்கிறார்கள். ரோஹன் என்கிற அயல்நாட்டின் அரசனிடம் உதவி கேட்டுப் போவது தீ அல்ல, சிவப்பு அம்பு ஒன்றைக் கொண்டுபோகும் தூதன். படம் தூதனையும் அம்பையும் நிறுத்திவிட்டு, அவர்களுடைய வேலையைத் தீயிடம் கொடுத்துவிட்டது. மேலே பாம்படில் விட்டுப்போன நிரையை யாரும் எடுக்கவில்லை என்றேன் அல்லவா, இங்கே எடுத்தவர் முன்பைவிட நன்றாக எடுத்திருக்கிறார். ஹாவர்ட் ஷோரின் இசை ஏற ஏற, பனி மூடிய சிகரங்களில் ஒவ்வொரு தீயாகப் பற்றிக்கொண்டு போகும். சிவனொளிபாத சீசனில் மஸ்கெலியாப் பக்கத்து இருட்டில் நின்று, உச்சிவரை ஏறும் விளக்கு வரிசையைப் பார்த்த ஆளுக்கு, மலையில் தெரிகிற வெளிச்சம் என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை. டோல்கின் நூறு வசனம் எழுதினாலும் இதைச் செய்ய முடியாது, அவரும் முயலவில்லை.

ஆகவே கொப்பியின் பின்பக்கத்தில் இன்னொரு சின்னப் பட்டியல் வையுங்கள்: நாவலில் ஒரு வரியாக இருந்து படத்தில் பெரிதானவை. இசை, முகத்தின் அண்மைக் காட்சி, மௌனம் இவற்றையெல்லாம் அங்கே எழுதுங்கள்.

ஆறாம் படி: மாற்றக்கூடாதது எது?

காமன் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். மாசியில் காமன் நட்டு ஆடுகிற கூத்து எல்லாத் தோட்டத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரு தோட்டத்தில் கோமாளி நீளமாகப் பேசுவார், இன்னொன்றில் பாட்டைக் குறைப்பார்கள், மழை வந்தால் இன்னும் குறைப்பார்கள். யாரும் கோபிப்பதில்லை. ஆனால் காமன் எரியாமலோ ரதி புலம்பாமலோ விட்டால் அது காமன் கூத்து இல்லை என்று லயத்துக் கிழவிகளே சொல்லிவிடுவார்கள். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது புத்தகம் படிக்காதவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

இதையே டோல்கின் வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார். 1958இல் அவருடைய நாவலுக்கு ஒருவர் எழுதிக் கொடுத்த திரைக்கதையைக் காட்சி காட்சியாகப் பார்த்து நீண்ட கடிதம் எழுதினார். வெட்டினதற்காக மட்டும் அவர் கோபப்படவில்லை. மூலத்தின் நடுக்கரு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மிகைப்படுத்துவதும் தேவையில்லாததைச் சொருகுவதும்தான் படங்களைக் கெடுக்கிறது என்பது அவருடைய வாதம்.

நம்மிடம் இதற்குப் பழைய சோடி ஒன்றும் உண்டு. நுவரெலியாவிலிருந்து வெலிமடைப் பக்கம் போகிற வழியில் சீதா எலிய கோயிலில் இறங்காதவர்கள் குறைவு. வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பிடித்துத் தூக்குகிறான். கம்பரில் தொடாமல் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுக்கிறான். வில்லை ஒடிக்க முன்னால் இராமனும் சீதையும் பார்த்துக்கொள்வது கம்பர் சேர்த்தது. இவ்வளவு பெரிய மாற்றங்களைச் செய்த ஒருவரை நாம் ‘மூலத்தைக் கெடுத்தார்’ என்று சொல்வதில்லை, கவிச்சக்கரவர்த்தி என்கிறோம். படம் எடுக்கிறவர் மேல் மட்டும் ஏன் வேறு சட்டம்?

அப்புறம் பொன்னியின் செல்வன். கல்கி அதை 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகைத் தொடராக எழுதினார். ஐந்து பாகம், கிட்டத்தட்ட 300 அத்தியாயம். வாசகன் அடுத்த வாரமும் வரவேண்டும் என்பதற்காக அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு கதவு பாதி திறந்து நிற்கும். மணி ரத்னம் 2022, 2023இல் எடுத்த இரண்டு படங்களும் சேர்ந்து ஐந்தரை மணி நேரம், அந்தக் கதவுகளுக்கு இடம் இல்லை. பார்க்கவேண்டிய மாற்றம் கடைசியில் இருக்கிறது. நாவலில் பூமாலை கட்டும் சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன் என்று தெரியவருகிறது, கிரீடம் அதை விரும்பாத அவனுக்குப் போகிறது. படத்தில் அந்த ஆள்மாறாட்டம் இல்லை. கிரீடத்துக்காகச் சூழ்ச்சியில் சேர்ந்த அதே மதுராந்தகனுக்கே கதாநாயகனான இளவரசன் அருள்மொழி அதைக் கொடுக்கிறான். வியப்பு போய்விட்டது. ஆனால் நல்லவனுக்குக் கொடுப்பதைவிட, தன்னை எதிர்த்தவனுக்குக் கொடுப்பது கனமான தியாகம் என்று எனக்குப் படுகிறது. எங்கள் கூட்டத்தில் இதை ஏற்காதவர்கள்தான் அதிகம். இன்னொன்று: படத்தின் இலங்கைக் காட்சிகளில் பலவற்றைத் தாய்லாந்தில் எடுத்தார்கள். எங்கள் கிளாக்கர் முதல் யானை வந்ததுமே “இது நம்ம காடு இல்லையே” என்றார். அதை ஒப்பீட்டில் எழுதவேண்டியதில்லை, சும்மா சொன்னேன்.

ஏழாம் படி: பார்ப்பது

மே மாதத்திலிருந்து செப்டம்பர்வரை ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் தகரக் கூரைக்குக் கீழே படம் பார்க்கிறவர்கள் வசனத்தைக் கேட்பதாக நினைக்கவேண்டாம். மழைதான் பேசும். எழுத்து வசனத்தை, அதாவது சப்டைட்டிலை, போட்டுக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் பதற்றப்படாமல், நின்ற நிமிடத்தைக் கொப்பியில் குறியுங்கள்.

எந்தப் பதிப்பைப் பார்க்கிறீர்கள் என்பதையும் முதல் வரியிலேயே எழுதுங்கள். ஜாக்சனின் படங்களுக்குத் தியேட்டர் பதிப்பு, நீட்டிய பதிப்பு என்று இரண்டு உண்டு. சாருமனின் சாவு நீட்டிய பதிப்பில் இருக்கிறது, தியேட்டர் பதிப்பில் இல்லை. ஒருவர் ஒன்றையும் மற்றவர் மற்றதையும் பார்த்துவிட்டு வந்து, “அந்தக் காட்சி இருக்கு”, “இல்லவே இல்லை” என்று எங்கள் கூட்டத்தில் அரை மணி நேரம் போனது.

முதல் தடவை நிறுத்தாமல் பாருங்கள், கொப்பியைத் தொடவேண்டாம். இரண்டாம் தடவை தேவையான காட்சிகளை மட்டும், நாவலின் அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

எட்டாம் படி: எழுதுவது

ஒரு காட்சி, ஒரு பக்கம். முழு நாவலையும் முழுப் படத்தையும் ஒப்பிடுகிறேன் என்று இறங்கினால் பள்ளிக்கூடக் கட்டுரைதான் வரும். உங்கள் கொப்பியின் மூன்றாவது நிரலில் ‘யாரும் இல்லை’ என்று எழுதிய ஒரு வரியையோ, ‘இவர் இன்னும் நன்றாகச் செய்கிறார்’ என்று எழுதிய ஒரு வரியையோ எடுங்கள். நாவலில் அது நடக்கும் இடத்தை உங்கள் சொற்களில் ஐந்தாறு வரி, படத்தில் நடப்பதை ஐந்தாறு வரி, மிச்சமெல்லாம் அந்த வேலை எங்கே போனது என்பது.

‘நாவல் அளவுக்கு இல்லை’ என்ற வசனத்தைப் பாவிக்கவேண்டாம். எந்தப் படத்துக்கும் பொருந்துகிற வசனம் எந்தப் படத்தைப் பற்றியும் எதுவும் சொல்லாது.

ஆசிரியரின் கோபத்தையும் சாட்சியாகக் கொண்டுவரவேண்டாம். மிக்கேல் எண்டெ 1979இல் எழுதிய ‘முடிவில்லாக் கதை’யை 1984இல் படமாக்கியபோது, அவருக்குப் பிடிக்காமல் தன் பெயரையே எடுக்கச் சொன்னார். அந்தப் படம் நாவலின் முதல் பாதியோடு நின்றுவிடுகிறது. அவருடைய கோபம் நியாயமானதுதான், ஆனால் அந்தப் பாதிக்குள் படம் எப்படி இருக்கிறது என்பதை நீங்கள்தான் பார்த்துச் சொல்லவேண்டும். மறுபக்கம், ‘த பிரின்சஸ் பிரைட்’ நாவலையும் அதன் திரைக்கதையையும் எழுதியவர் வில்லியம் கோல்ட்மேன் என்கிற ஒரே ஆள். தன் நாவலை வெட்டும்போது அவர் எதை விட்டார் என்று பார்ப்பது, டோல்கினுக்கு முன்னால் செய்யவேண்டிய நல்ல இரண்டாவது பயிற்சி.

எழுதியதைக் கூட்டத்துக்குக் கொண்டுவர முன்னால், படத்தை மட்டும் பார்த்த ஒருவருக்கும் நாவலை மட்டும் வாசித்த ஒருவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். இரண்டு பேருக்கும் விளங்கவேண்டும். விளங்காவிட்டால், நீங்கள் தெரிந்துவைத்திருக்கிற ஏதோ ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். அதைச் சேர்த்துவிட்டு வாருங்கள், பிளேன்டி நாங்கள் போடுகிறோம்.